மழை நின்ற பிறகு தொடரும் கூத்து

திறந்தவெளியில் நடக்கும் கச்சேரி கெட்டுப்போனால் பழி மழைமேல்தான் விழும். மழை வந்து கெடுத்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் ஏற்பாடு செய்தவருக்கும் பொறுப்பில்லை, மேடையேறியவருக்கும் பொறுப்பில்லை. நனைந்து வீடு திரும்பியவருக்குத்தான் கேட்க நாதியில்லை. ஆனால் ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாள் மழை பெய்யும் ஊரில் மழையை எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் காலி அப்படிப்பட்ட ஊர். தித்திவங்சா மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில், ரவாங்குக்கும் கோல குபு பாருவுக்கும் நடுவே, பழைய ஈப்போ சாலையும் ரயில் பாதையும் ஒட்டிச் செல்லும் இடத்தில் அது இருக்கிறது. அங்கிருந்து மேற்கே பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோல சிலாங்கூர்க் கடற்கரை வரை நூறாண்டுக்கும் மேலாகத் தோட்டங்கள். அந்தத் தோட்டத்துத் தமிழர்கள் கூத்தும் நாடகமும் பஜனையும் படமும் பார்த்தது பெரும்பாலும் வானத்தின் கீழ்தான். மழையோடு அவர்கள் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று பார்த்தால் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. பார்வையாளரின் இரவு கெடுவதும் தப்புவதும் எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட, நிகழ்ச்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையே பொறுத்திருக்கிறது. வீடு எவ்வளவு தூரம், நேரம் எவ்வளவு வளைந்து கொடுக்கும், நிறுத்துவதும் தொடர்வதும் யார் கையில் என்ற மூன்று கேள்விகளில் அது அடங்கிவிடுகிறது.

முதலில் மழையைப் பார்ப்போம். வட சிலாங்கூரில் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. மலையடிவாரத்தில் காலை முழுக்க வெயில் காயும். பிற்பகலில் மேகம் மலைமேல் ஏறிக் கறுத்து, நாலு மணிக்குமேல் இடியோடு கொட்டும். சில நாள் இரவு எட்டு, ஒன்பது வரை இழுக்கும். கடற்கரைப் பக்கம் வேறு கணக்கு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை மலாக்கா நீரிணையில் இரவில் திரளும் மேகவரிசை, பலத்த காற்றோடு விடியலுக்கு முன்னால் கோல சிலாங்கூரைத் தாக்கும். 'சுமாத்திரா' என்றே அந்தக் காற்றுக்குப் பெயர். ஆகவே அடிவாரத்துத் தோட்டத்தில் மழைக்கு ஆளாவது நிகழ்ச்சியின் தொடக்கம். கடலோரத் தோட்டத்தில் அதன் முடிவு. ஆண்டுக் கணக்கிலும் இரண்டு உச்சங்கள் உண்டு: ஏப்ரல், மே ஒன்று, அக்டோபர், நவம்பர் இன்னொன்று. சனவரி, பிப்ரவரியும் சூன், சூலையும் ஒப்பளவில் உலர்ந்த மாதங்கள். தெற்கே சுபாங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடி கேட்கிறது. உலகிலேயே அதிகம் இடி இடிக்கும் வட்டாரங்களில் இதுவும் ஒன்று. இந்த மண்ணில் திறந்தவெளி நிகழ்ச்சி வைப்பவர், மழை வருமா என்று கேட்பதில் பொருளில்லை. எந்த நேரத்தில் வரும், வந்தால் என்ன செய்வது என்பவைதான் அவர் கேட்க வேண்டிய கேள்விகள்.

தோட்டத் தமிழர்களின் முன்னோர் வந்த நாட்டில் கேள்வி வேறாக இருந்தது. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்துதான் மலாயாவுக்குப் பெருந்தொகையாக ஆள் வந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள். 1907-இல் தொடங்கிய இந்தியக் குடியேற்ற நிதியின் செலவில் கப்பல் பயணம். சேலம், திருச்சிப் பக்கம் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும்; அதிலும் பெரும்பங்கு ஆவணியிலிருந்து கார்த்திகைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அறுவடை முடிந்து தை பிறந்த பிறகு ஆடி வரைக்கும் களம் காய்ந்து கிடக்கும். தெருக்கூத்தும் திரௌபதி அம்மன் கோயில் பாரதமும் மாரியம்மன் திருவிழாவும் அந்தக் காய்ந்த மாதங்களில் அமைந்ததற்கு வேளாண்மையும் வானமும் சேர்ந்தே காரணம். அந்தப் பஞ்சாங்கம் அப்படியே கப்பலேறி வந்தது. வந்த இடத்தில் வானம் அதற்கு ஒத்துவரவில்லை. பங்குனி உத்திரமும் சித்திரைத் திருவிழாவும் சிலாங்கூரின் முதல் மழை உச்சத்தில் போய் விழுந்தன. தீபாவளி இரண்டாம் உச்சத்தில் விழுந்தது. தைப்பூசமும் ஆடித் திருவிழாவும் மட்டும் தற்செயலாக உலர்ந்த மாதங்களில் அமைந்துகொண்டன. ஊரில் காய்ந்த களத்துக்காக வகுத்த கலை, மலாயாவில் ஈரத் திடலில் நடந்தாக வேண்டியதாயிற்று.

இந்த முரணில் தெய்வமும் சேர்ந்துகொண்டது. மழை வேண்டியே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய மக்கள், மழைக்குக் குறைவே இல்லாத நாட்டுக்கு அவளைக் கொண்டுவந்தார்கள். வேண்டுதல் மாறியது, பிள்ளைப் பேறு, நோய் நீக்கம், வேலை என்று ஆயிற்று. ஆனால் திருவிழா நாளில் மழை பெய்தால் அம்மன் மனம் குளிர்ந்துவிட்டாள் என்ற பேச்சு மட்டும் மாறவில்லை. பூக்குழிக்கு அடுக்கிய விறகு நனைந்தால் சிரமம்தான், தணலை மறுபடி மூட்ட வேண்டும். இருந்தாலும் மழையை அபசகுனமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பார்வையாளர் பட்ட பாட்டைப் பற்றிப் பேசும்போது இதை ஒதுக்க முடியாது. அதே அளவு நனைந்த உடம்பு, ஓரிடத்தில் அருள் என்றும் இன்னோரிடத்தில் ஏமாற்றம் என்றும் உணர்கிறது. எந்த எதிர்பார்ப்போடு கூடினோம் என்பது அதைத் தீர்மானிக்கிறது.

எதிர்பார்ப்பை வடித்ததில் ரப்பருக்கும் பங்கு உண்டு. பால்மரம் சீவுகிறவருக்கு மழை ஒரு கூலிக் கணக்கு. விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, வெளுக்கும்போது நிரைக்குள் இறங்கிவிட வேண்டும். முந்தின இரவு பெய்த மழையில் பட்டை ஈரமாக இருந்தால், சீவிய கோட்டில் பால் நில்லாமல் மரமெங்கும் வழிந்து ஓடும், மங்கில் சேராது. பட்டை காயும் வரை காத்திருக்க வேண்டும், காயாவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை. நாட்கூலிக்கு வேலை செய்தவருக்கு வெட்டு இல்லை என்றால் சம்பளத்தில் துண்டு விழும். மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தர வேண்டும், தராவிட்டால் அந்த நாளுக்குரிய கூலியைத் தர வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தோட்ட முதலாளிகளைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது இந்த நிச்சயமின்மையால்தான். திருவிழா இரவில் மழை கொட்டியபோது திடலில் இருந்தவர் மனத்தில் இரண்டு கணக்குகள் ஓடியிருக்கும்: இன்றைய கூத்து போயிற்று, நாளைக்கு மரமும் போயிற்று. இரண்டாம் கணக்கு வருத்தம்தான், ஆனால் அதற்குள்ளேயே ஒரு விடுதலையும் இருந்தது. விடியற்காலைப் பெரட்டு இல்லாத இரவில் கண்விழிக்கத் தடையில்லை. மழை ஒரு கையால் எடுத்த நேரத்தை மறு கையால் திருப்பிக் கொடுத்தது.

திருப்பிக் கிடைத்த அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் தன்மை கூத்துக்கு இயல்பாகவே இருந்தது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை போகும் கலை அது. கதை எல்லோருக்கும் தெரிந்தது. பாத்திரம் ஒவ்வொன்றும் திரைக்குப் பின்னால் நின்று தன் பெயரும் பெருமையும் பாடிக்கொண்டுதான் வெளியே வரும். நடந்ததைக் கட்டியங்காரன் மறுபடி மறுபடி கேட்டுச் சொல்ல வைப்பான். ஒரு மணி நேரம் எழுந்துபோய்த் திரும்பி வந்து உட்கார்ந்தவருக்கும் எதுவும் விட்டுப்போகாது. மழை பெய்தால் நிறுத்தலாம், விட்டதும் தொடரலாம், விடியல் நெருங்கினால் ஒரு கட்டத்தைச் சுருக்கலாம். கட்டியங்காரனுக்கு மழையே ஒரு நகைச்சுவைப் பொருள். கருவிகளுக்குத்தான் பாடு. தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்து சுருதி இறங்கும். தப்பை வைக்கோல் தீயில் காய்ச்சி ஏற்ற வேண்டும், மழையில் அந்தத் தீயே அணைந்துவிடும். பெட்ரோமாக்ஸ் விளக்கில் கொதிக்கும் கண்ணாடிமேல் ஒரு துளி மழை பட்டால் கண்ணாடி விரிசல் விடும். உள்ளே மாண்டில் ஒரு குலுக்கலுக்கே உதிர்ந்துபோகும். அதனால் மழை வாசனை அடித்ததும் முதலில் உள்ளே போனவை ஆட்கள் அல்ல, விளக்கும் தோல்கருவியும்தான். அவற்றைக் காப்பாற்றிவிட்டால் மழை விட்டதும் இரவு மறுபடி உயிர்பெறும்.

ஆட்கள் எங்கே போனார்கள்? தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக்கு. கோயிலும் திடலும் லயமும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. குழந்தையை உள்ளே படுக்க வைத்துவிட்டு, சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தூறல் விட்டதா என்று வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வர முடிந்தது. மழையில் ஆட்டம் நின்றதும் கூட்டம் கலைந்தது, கலைந்தாலும் போய்விடவில்லை. இந்த வேறுபாடுதான் என் வாதத்தின் அச்சாணி. நனையாமல் ஒதுங்க ஓர் இடம் நடந்து சேரும் தூரத்தில் இருந்தால், மழை நிகழ்ச்சியின் நடுவே வரும் ஓர் இடைவேளை. அந்த இடம் இருபது மைலுக்கு அப்பால் இருந்தால் அதே மழை நிகழ்ச்சியின் முடிவு. மழையின் அளவு இரண்டிலும் ஒன்றுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். அந்த அருகாமையை யார் கொடுத்தது? பத்தடிக்குப் பத்தடி அறைகளை வரிசையாகக் கட்டி, அதில் ஆட்களை அடைத்து, பெரட்டு மணிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்ட தோட்ட நிர்வாகம் கொடுத்தது. திருவிழாவுக்கு நாள் குறிக்கத் துரையின் அனுமதி வேண்டும். வெளியாள் உள்ளே வர அனுமதி வேண்டும். கங்காணியின் சொல்லுக்கு மிஞ்சி மேடை ஏறாது. அப்படிப்பட்ட இடத்தில் கூட்டம் போகாமல் இருந்தது ரசனையாலா, போக்கிடம் இல்லாததாலா? கேள்வி நியாயமானது. அந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒழுகும் லயக்கூரைக்கு அடியில் ஒதுங்கியவர் நனையாமல் இருந்தார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒடுக்குமுறைக்காக ஏற்பட்ட அருகாமை, கலைக்கு ஒரு வசதியாகவும் வேலை செய்தது என்பது மறுக்க முடியாத உண்மை. முதலாளியின் லாபத்துக்காக வரைந்த வரைபடத்தில் மக்கள் தங்களுக்கென ஓர் இரவைச் செய்துகொண்டார்கள். அந்த வரைபடத்தைத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. அதில் எது பயன்பட்டது என்று தெரிந்துகொள்வது போதும்.

அந்த இரவுகளை முதலில் பெரிய அளவில் முறித்தது மழை அல்ல. 1948 சூனில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. அதே ஆண்டு திசம்பர் 12-இல் பத்தாங் காலி அருகே சுங்கை ரெமோக் தோட்டத்தில் ஆயுதம் இல்லாத 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். வட்டாரம் முழுவதும் அச்சத்தில் அடங்கியது. ஊரடங்கு உத்தரவு வந்த இடத்தில் விடிய விடியக் கூத்து எப்படி நடக்கும்? மழைக்கு வளைந்து கொடுத்த கலை, கடிகாரத்துக்கும் துப்பாக்கிக்கும் வளைய முடியவில்லை. அந்த வெற்றிடத்தில் வந்து நின்றது அரசாங்கத்தின் படவண்டி. 1946-இல் தொடங்கப்பட்ட மலாயன் ஃபிலிம் யூனிட் எடுத்த படங்களைத் தகவல் துறையின் வண்டிகள் தோட்டங்களுக்கும் மலாய்க் கிராமங்களான கம்பங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் கொண்டுபோய்த் திரைகட்டிக் காட்டின. பார்வையாளருக்கு இது புது அனுபவம். மழையோடு அவருக்கிருந்த உறவும் இதில் மாறியது. கூத்தை நிறுத்தித் தொடரலாம். படவண்டிக்கு மறுநாள் வேறு தோட்டத்தில் வேலை. மழை வந்தால் படக்கருவியை மூடி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். கலைஞனும் பார்வையாளனும் ஒரே திடலில் மழை விடும் வரை காத்திருந்த காலம் போய், காத்திருக்க முடியாத ஒரு பயண அட்டவணை நடுவே வந்து நின்றது. இன்றைய கச்சேரியின் குணம் அங்கேயே தொடங்கிவிட்டது.

மழைக்குப் பரிகாரமாகச் சொல்லப்பட்டது கூரை. தோட்டங்களில் மண்டபம் எழுந்தது, கோயில் முன்னால் தகரக் கொட்டகை எழுந்தது. பின்னாளில் டேவான் என்ற பெயரில் ஊருக்கு ஊர் அரங்குகள் வந்தன. உடம்பு நனையாமல் தப்பித்தது உண்மை. காது தப்பித்ததா? கோல சிலாங்கூர் ஆற்று முகத்தில் மண்டிக் கிடக்கும் நீப்பா ஓலையால் வேய்ந்த அத்தாப்புக் கூரையில் மழை விழுந்தால் ஓலை ஓசையை விழுங்கிவிடும். தகரத்தில் விழுந்தால் ஒவ்வொரு துளியும் ஓர் அடி. அடிவாரத்துப் பெருமழை தகரக் கூரையில் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஆர்மோனியமும் குரலும் எந்த மூலைக்கு? ஒலிபெருக்கியைக் கூட்டினால் சுவருக்குச் சுவர் மோதி இரைச்சல் இரட்டிப்பாகும். அதே மழை விட்ட பிறகு வெளியே நிலைமை நேர்மாறு: தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேற்காற்றைவிடக் குளிர்ந்திருந்தால் ஒலி மேலே சிதறாமல் கீழே வளைந்து நெடுந்தூரம் போகும். பக்கத்துத் தோட்டத்துக் கூம்பு ஒலிபெருக்கியின் பாட்டு மழை விட்ட இரவில் தெளிவாகக் கேட்டதற்குக் காரணம் இதுதான். கூரை வேண்டாம் என்று சொல்லவில்லை. கூரை போட்டதோடு மழைப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்ததுதான் பிழை. பாதியைத் தீர்த்து மீதியைக் காதுக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த மாற்றம் பெரியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்திலேயே பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியரால் நடப்பட்டது. ஆனால் வட சிலாங்கூர் முழுக்கச் செம்பனையாக மாறியது பிந்திய காலத்தில்தான். செம்பனைக்கு அதே பரப்பில் குறைந்த ஆள் போதும். மக்கள் லயத்தை விட்டு ரவாங், செரெண்டா, பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா என்று தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். வேலைக்கு விடியலுக்கு முந்தைய பெரட்டு இல்லை. மழைக்கும் சம்பளத்துக்கும் இருந்த நேரடிக் கணக்கு அறுந்தது. ஒரு வகையில் விடுதலை. ஆனால் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு இப்போது மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வர வேண்டியிருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மலைப்பக்கம் கறுத்தால் கிளம்பலாமா என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். முன்பு மழை பெய்து, திடலில் நின்று, பார்த்து எடுத்த முடிவு அது. இன்று பெய்யாத மழைக்கே கூட்டம் குறைகிறது.

படவண்டியோடு தொடங்கிய நேர இறுக்கம் டிக்கெட் வந்ததும் முழுமை பெற்றது. காசு கொடுத்தவருக்கு இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இருக்கை என்று வாக்குக் கொடுத்தாயிற்று. வாக்கை மழை முறித்தால் மாற்று ஏற்பாடு என்ன என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. சென்னையில் நடந்தது நல்ல சான்று. ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி 2023 ஆகஸ்டு 12-இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கவிருந்தது; மழையால் தள்ளிவைத்தார்கள். செப்டம்பர் 10-இல் நடந்தபோது மழை இல்லை. ஆனால் நெரிசலில் டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளேயே போக முடியவில்லை, சாலை மணிக்கணக்கில் அடைத்துக்கொண்டது. மக்கள் இன்று அதிகம் பேசுவது மழை பெய்த நாளைப் பற்றி இல்லை, மழை பெய்யாத நாளைப் பற்றித்தான். அமெரிக்காவில் 1969-இன் வுட்ஸ்டாக் இசைவிழாவை மறுமுனையில் வைத்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை புயல்மழையில் நிகழ்ச்சி மணிக்கணக்கில் நின்றது; இலட்சக்கணக்கானோர் சேற்றில் கிடந்தார்கள். ஆனால் வேலி விழுந்து டிக்கெட் பார்ப்பது முன்பே நின்றுபோயிருந்தது, நேரக்கணக்கும் தளர்ந்திருந்தது. ஞாயிறு முடிய வேண்டியது திங்கள் காலையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸோடு முடிந்தது. அந்தச் சேற்றை அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். நம் மலேசியாவிலேயே 1998 முதல் சரவாக்கின் சந்துபோங் மலையடிவாரத்தில் நடக்கும் மழைக்காட்டு உலக இசை விழாவில் மழையும் சேறும் வழக்கமானவை. அங்கே பண்பாட்டுக் கிராமத்தின் நீளவீடுகளும் உள்ளரங்கும் நடந்து சேரும் தூரத்தில் இருக்கின்றன, விழாவும் ஒப்பளவில் உலர்ந்த மாதங்களில் வருகிறது. திடலும் லயமும் செய்த வேலையை அங்கே கட்டடங்கள் செய்கின்றன.

இவ்வளவும் சரி, உயிருக்கு ஆபத்து என்றால் வளைந்து கொடுக்கும் பேச்சு எடுபடுமா என்று கேட்கலாம். மிகக் கனமான மறுப்பு இதுதான். 2011 ஆகஸ்டு 13-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் முதன்மைக் குழு மேடையேறுமுன் வந்த காற்று மேடைக் கூரையைச் சாய்த்து 7 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதில்தான் தெளிவில்லை என்று பின்னர் நடந்த விசாரணை சொன்னது. பத்தாங் காலிக்கு இந்தப் பாடம் இன்னும் அருகில் கிடைத்தது. 2022 திசம்பர் 16 விடியலுக்கு முன்னால் பத்தாங் காலி-கெந்திங் சாலையோரம் மலைச்சரிவு இறங்கி, கூடாரங்களில் உறங்கிய 31 பேர் மாண்டார்கள். அது கச்சேரி இல்லை. ஆயினும் மழைக்காலத்தில் மலையடிவாரத்துத் திறந்தவெளியில் மக்களைக் கூட்டும் எவரும் அதை மறக்கக் கூடாது. அந்நேரத்தில் தலைக்குமேல் பெய்யும் மழையைவிட, நாள்கணக்கில் மண்ணுக்குள் இறங்கிய மழையே சரிவைத் தள்ளியது. பத்தாங் காலி அடங்கிய இதே உலு சிலாங்கூர் மாவட்டத்தில் 1883-இல் கோல குபு அணை உடைந்து ஊரை அடித்துச் சென்றது, மாவட்ட அதிகாரி செசில் ராங்கிங் உட்படப் பலர் இறந்தார்கள். 1926 வெள்ளத்துக்குப் பிறகு ஊரையே மேட்டுக்கு மாற்றிக் கோல குபு பாரு கட்டினார்கள். ஆகவே வளைந்து கொடுப்பது என்றால் ஆபத்தைப் பொறுத்துக்கொள்வது என்று பொருளில்லை. நிறுத்தும் உரிமை ஒருவர் கையில் தெளிவாக இருப்பது, ஒதுங்கும் இடம் கிட்டத்தில் இருப்பது, நிறுத்தியதால் நட்டம் முழுவதும் பார்வையாளர் தலையில் விழாமல் இருப்பது ஆகியவையே அதற்கு முன்நிபந்தனைகள். இடி கேட்டதும் அஞ்சாமல் நிறுத்த முடிவது, பிறகு தொடர முடியும் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான். தொடர வழியில்லாத ஏற்பாட்டில் நிறுத்தத் தயங்குவார்கள். தயக்கம்தான் உயிரைக் குடிக்கிறது.

இன்னொரு பதில், எல்லாவற்றையும் உள்ளரங்குக்குக் கொண்டுபோய்விடலாம் என்பது. பத்தாங் காலிக்கு மேலே கெந்திங் மலையில் 1998-இல் திறக்கப்பட்ட நட்சத்திர அரங்கில் ஆயிரக்கணக்கானோர் நனையாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம். ஆனால் அங்கே போய்த் திரும்பும் மலைச்சாலையில் மூடுபனியும் மழையும் அப்படியேதான் இருக்கின்றன. வானிலை இருக்கையை விட்டுச் சாலைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. நுழைவுக் கட்டணமும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து, குடும்பத்தோடு திடலுக்கு நடந்து வந்தவரை வடிகட்டிவிடுகின்றன. ரேடார் படமும் கைப்பேசி எச்சரிக்கையும் வந்துவிட்டனவே என்பார்கள். வந்தது நல்லது; ஆனால் அடிவாரத்துப் பிற்பகல் மழை ஒரு தாமானில் கொட்டி அடுத்த தாமானில் தூறாமல் போகும் இயல்புடையது. எச்சரிக்கை கருவியிலிருந்து வரலாம், முடிவு மனிதரிடமிருந்துதான் வர வேண்டும்.

வட சிலாங்கூர்த் தோட்டத்து வரலாறு தரும் தீர்ப்பு இவ்வளவுதான்: நல்ல பார்வையாளரை மழை விரட்டவில்லை, மழைக்கு இடம் வைக்காத ஏற்பாடுகள் விரட்டின. கோயில் திருவிழா நடத்தும் செயற்குழுவும் கச்சேரி நடத்தும் நிறுவனமும் இன்றே செய்யக்கூடியவை உண்டு. நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு மழைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிவாரமானால் முன்னிரவுக்கும் கடலோரமானால் விடியலுக்கும் ஒதுக்கு நேரம் விடுங்கள். மழை வந்தால் யார் நிறுத்துவார், எவ்வளவு நேரம் காத்திருப்போம், தொடராவிட்டால் பணம் எப்போது திரும்பும் என்ற மூன்றையும் டிக்கெட்டிலும் அழைப்பிதழிலும் அச்சடியுங்கள். டிக்கெட் வாங்குபவர்களும் அந்த மூன்று வரிகளைத் தேடிப் பார்த்துவிட்டே காசை நீட்டுங்கள்.